கல்லிடம் ஏன் பேசுகிறாள் தாய்?

பெண்ணுரிமை பற்றிய கூட்டம் ஒன்றிலே பேசிவிட்டு வீடு திரும்பினேன். ஒன்றரை மணி நேரப் பேச்சு. கைதட்டலுக்குக் குறைவில்லை. “நன்றாக இருந்தது, தோழர்!” என்று நாலைந்து பேர் கைகுலுக்கினர். உள்ளம் நிறைந்து வந்தவன், வீட்டிலே தாயைக் காணாமல் துணைவியிடம் கேட்டேன்.

“அம்மா எங்கே?”

“மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்காங்க.”

மின்சாரம் போய்த் தெரு இருண்டு கிடந்தது. வயதானவள் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று கைவிளக்கை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தேன். போகும்போதே, திரும்பி வரும் வழியில் அவளுக்குச் சொல்லவேண்டிய அறிவுரைகளை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டுதான் போனேன். கோயிலிலே வேறு யாருமில்லை. தூணைப் பிடித்தபடி நின்று, சிலையை நோக்கிப் பேசிக்கொண்டிருந்தாள் என் தாய்.

“ஆத்தா, கண்ணு மங்கிக்கிட்டே வருது. ஊசியில நூல் கோக்க முடியல. எது உப்பு, எது சீனின்னு நாக்குல வச்சுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறேன். பையன்கிட்ட ரெண்டு மூணு தடவை சொல்ல வாயெடுத்தேன். அவனுக்கு ஆயிரம் வேலை. நீயாவது கேட்டுக்கோ.”

கையிலிருந்த விளக்கு கனத்தது. அடுக்கி வைத்திருந்த அறிவுரைகள் எங்கே போயினவோ தெரியவில்லை.

ரெண்டு மூணு தடவை! நினைத்துப் பார்த்தேன். ஆம், உண்மைதான். முதன்முறை, நான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தபோது, “தம்பி, கண்ணு ஒரு மாதிரியா…” என்று வந்தாள். “இரும்மா, எழுதிக்கிட்டிருக்கேன்” என்றேன். அந்த ‘இரு’ முடியவேயில்லை. மற்றொரு முறை, சாப்பிடும்போது தொடங்கினாள், கைப்பேசியைப் பார்த்தபடியே “ம்… ம்…” என்றேன், எழுந்து போய்விட்டாள். இன்னொரு முறை நடந்ததுதான் இன்றளவும் என்னைச் சுடுகிறது. “ஆத்தாவுக்குக் கண்மலர் சாத்தறதா வேண்டியிருக்கேன்” என்றாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன்! வெள்ளித் தகட்டிலே கண்போலச் செய்து கல்லுக்குச் சாத்தினால் மனிதனுக்குப் பார்வை வருமா, வெள்ளி வியாபாரிக்கு வருவாய் வருமா என்று அரைமணி நேரம் பொழிந்து தள்ளினேன். தருக்கத்திலே ஓட்டை இல்லை. ஆனால், கண்மலர் சாத்த வேண்டிக்கொண்டிருக்கிறாளே, அவள் கண்ணுக்கு என்ன குறை என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல், நான் கேட்கவில்லை!

இதற்குப் பெயர் பகுத்தறிவா, தோழர்களே?

குறியைக் கண்டு நோயை அறிவது அறிவு. காரியத்தைக் கண்டு காரணத்தைத் தேடுவது அறிவு. என் கண்ணெதிரே காரியம் நின்றது. காரணத்தைத் தேடாமல் நான் கைதட்டலைத் தேடினேன். கேட்போர் இல்லாத சமையற்கட்டிலே கூட ஒரு கூட்டம் நடத்தினேன்!

கல்லுக்குக் காதில்லை என்று, 1925-இல் ‘குடிஅரசு’ ஏடு பிறந்த நாள் தொட்டு, நூறாண்டு காலமாகச் சொல்லி வருகிறோம். மெத்த உண்மை. ஆனால், காதில்லாத கல்லிடம் போய் ஏன் பேசுகிறாள் தாய்? காதுள்ள மகன் கேட்கவில்லை, அதனால் பேசுகிறாள். கல்லுக்கு ஆற்றல் ஏதும் இல்லை. ஆனால் நம்மிடம் இல்லாத நற்குணங்கள் சில அதனிடம் உண்டு. அது குறுக்கே பேசாது. “இது தெரியாதா உனக்கு?” என்று ஏளனம் செய்யாது. பாதிப் பேச்சிலே எழுந்து போகாது. பத்துப் பேர் முன்னிலையில் அவளை முட்டாள் ஆக்காது. கல் செய்யாத இத்தனையையும் நாம் செய்துவிட்டு, “இவர்கள் ஏன் கல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?” என்று வியக்கிறோம்!

புரோகிதனைச் சாடுகிறோம், சாடத்தான் வேண்டும். ஆனால் அவன் பிழைப்பின் சூட்சுமம் எது? துயரப்பட்டு வருபவளை உட்காரவைத்து, “என்னம்மா கவலை?” என்று கேட்கிறான். சோதிடன் கேட்கிறான். குறி சொல்பவள் கேட்கிறாள். சாமியார் கேட்கிறான். கேட்டுவிட்டுப் பொய்யைக் கொடுத்துப் பணத்தைப் பறிக்கிறான். கொடுப்பது பொய், ஆனால் அவர்கள் நாடிப் போவது அந்தப் பொய்யை மட்டுமன்று, தம் பேச்சைக் கேட்கும் காதையுந்தான்! மெய்யைக் கையிலே வைத்திருக்கும் நாமோ, காதைக் கொடுக்க மறுத்துவிட்டு, மெய் விலைபோகவில்லையே என்று ஏங்குகிறோம்.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன், சுடும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து சாமி படத்தை இறக்கினோம். அந்த ஆணியிலே நம் படத்தை மாட்டிக்கொண்டோம்! எதிர்த்துக் கேட்கக் கூடாத சாமி. முகம் சிவந்தால் வீடே நடுங்க வேண்டிய சாமி. வேளை தவறாமல் படையல் வைக்க வேண்டிய சாமி. அருள்வாக்கு மட்டும் வழங்கி, எவர் குறையும் கேட்காத சாமி. கேள்வி கேட்கக் கூடாத எதையும் ஏற்காதவன் பகுத்தறிவாளன். அப்படியானால், கேள்வி கேட்கக் கூடாத கணவனை, கேள்வி கேட்கக் கூடாத தந்தையை, கேள்வி கேட்கக் கூடாத மூத்த மகனை மட்டும் எந்த நியாயப்படி ஏற்பது?

நம் இயக்கம் பேசி வளர்ந்த இயக்கம் என்பர். பாதி உண்மை. கேட்டும் வளர்ந்தது அது. நான் சொல்வதை அப்படியே நம்பாதே, உன் அறிவுக்கு ஒத்தால் ஏற்றுக்கொள், இல்லையேல் தள்ளிவிடு என்ற கருத்தை மேடைதோறும் வலியுறுத்தியவர் பெரியார். மறுத்துப் பேசும் உரிமையைக் கேட்போருக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் பேசத் தொடங்கினார். சிறுவர்களைக் கூட ‘வாங்க’ என்று மரியாதையுடன் அழைப்பது அவர் வழக்கம் என்பதை, அவருடன் பழகியோர் பலர் எழுதியிருக்கின்றனர். நாடே தலைவர் என்று கொண்டாடியவருக்கு, ஒரு சிறுவனை ‘வாங்க’ என்று சொல்வதால் உயரம் குறைந்துவிடவில்லை. நமக்கு மட்டும் மனைவியை மரியாதையுடன் அழைத்தால் மீசை உதிர்ந்துவிடுமோ?

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும், மணவிலக்கு உரிமை வேண்டும், கைம்பெண் மறுமணம் வேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. சொத்துரிமைத் தீர்மானம் தமிழ்நாட்டிலே சட்டமாக 60 ஆண்டுகள் பிடித்தன. 1989-இல்தான் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு வந்தது. இந்திய ஒன்றியம் அந்த இடத்துக்கு வந்து சேர 2005 ஆயிற்று. 1929-இலேயே அந்தத் தீர்மானம் எப்படி வந்தது? பெண்ணின் குரலைக் கேட்டோர் அந்த மாநாட்டிலே இருந்தனர்; அதனால் வந்தது. தேவதாசி முறையின் கொடுமையைத் தம் வாழ்வால் அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடையேறிப் பேசினார். 1936-இல் அதைப் புதினமாகவும் எழுதினார். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலே வாதாடினார். சாத்திரத்தைக் காட்டி அவர்களை அடக்க முயன்றோர் பலர். செவி கொடுத்தோர் சிலர். அந்தச் சிலர் பலராக ஆன பிறகுதான் 1947-இல் அந்த முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. இயக்கத் தலைவருக்குப் ‘பெரியார்’ என்ற பெயரைச் சூட்டியதும், 1938-இல் சென்னையிலே கூடிய பெண்கள் மாநாடுதான். பெண்கள் பேசினர், இயக்கம் கேட்டது, நாடு மாறியது. இதுதான் வரலாறு.

அந்த இயக்கத்தின் வழிவந்தோர் வீட்டிலே, தாய் கல்லிடம் பேசுகிறாள்!

சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய சட்டத்தை நினைத்துப் பாருங்கள். அறிஞர் அண்ணா ஆட்சியிலே, 1967-இல் நிறைவேறி, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம். புரோகிதர் வேண்டாம், தீவலம் வேண்டாம். உற்றார், நண்பர் முன்னிலையில், மணமக்கள் இருவருக்கும் புரிந்த ஒரு மொழியிலே, ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக இருவரும் அறிவித்தாலே போதும். அல்லது மாலையோ மோதிரமோ அணிவித்தாலும், தாலி கட்டினாலும் போதும் என்கிறது சட்டம். இருவருக்கும் புரிந்த மொழி. இருவரும் பேச வேண்டும். இந்த இரண்டும் எத்துணைப் பெரிய செய்தி! யாருக்கும் புரியாத மொழியிலே யாரோ ஒருவர் முணுமுணுக்க, மணமகள் தலைகுனிந்து வாய்மூடி அமர்ந்திருந்த நெடுங்காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த செய்தி அது.

அன்று மேடையிலே ஒலிபெருக்கி முன்னே இருவரும் பேசினர், ஊரே கேட்டது. மறுநாள்? மறுநாள் முதல் ஒருவர் மட்டுமே பேசினார். மற்றவர், “சரிங்க” என்றார். வாழ்த்துரை வழங்கிய நாமும், நம் கடமை முடிந்தது என்று அடுத்த மணமேடைக்குப் போய்விட்டோம். மந்திரத்தை விரட்டிய இடத்திலே உரையாடல் வந்து அமர வேண்டும். அமர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தோழரும் தம் இல்லத்தையே எண்ணிப் பார்க்கட்டும்.

சொல்லுக்கு வருகிறேன். நம் மொழியிலே ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் இரு சொற்கள் உண்டு. பெரும்பாலான இல்லங்களிலே இச்சொற்கள் எந்தத் திசையிலே ஓடுகின்றன, கவனித்ததுண்டா? ‘நீ’, ‘வா’, ‘போ’, ‘அடியே’ என்று ஒரு பக்கத்திலிருந்து; ‘நீங்க’, ‘வாங்க’, ‘ஏங்க’ என்று மறுபக்கத்திலிருந்து. அவன் அவளைப் பெயர் சொல்லி அதட்டலாம். அவன் பெயரை அவள் உச்சரிக்கவும் கூடாது என்று வைத்திருந்தார்களே, அந்த வழக்கம் அடியோடு போய்விட்டதா? இது அன்பின் அடையாளம் என்பர் சிலர். அன்பானால், ஏன் ஒரே திசையில் மட்டும் ஓடுகிறது? இருவரும் ‘நீ’ என்று சொல்லட்டும். அல்லது இருவரும் ‘நீங்கள்’ என்று சொல்லட்டும். நான் எதிர்ப்பது சொல்லையன்று. சொல்லுக்குள்ளே ஒளிந்திருக்கும் மேல்கீழை.

‘வாழாவெட்டி’ என்ற சொல் உண்டு. கணவன் வீட்டைவிட்டு வந்தவளைக் குத்த. மனைவியை விரட்டிவிட்டு வாழ்பவனைக் குத்த அதற்கு இணையான சொல் எங்கே? ‘மலடி’ என்று வைகிறார்கள். குறை ஆணிடமும் இருக்கலாம் என்று மருத்துவம் சொல்கிறது. ஆயினும் ஆண்மகன் ஒருவனை நோக்கி அந்த வசையை எறிந்தார் எவருண்டு? இரண்டு ஆண்கள் தெருவிலே சண்டையிட்டாலும், ஏச்சு விழுவது ஒருவன் தாய்மீது, மற்றவன் தங்கைமீது! இவையெல்லாம் வெறும் சொற்களா? அல்ல, சொல்லால் அடித்த அடிகள். 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதை ஒப்புக்கொள்கிறது. உடலை அடிப்பது மட்டுமன்று. இழித்தல், ஏளனம் செய்தல், பட்டப்பெயர் சொல்லி அவமதித்தல், குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை இல்லை என்றோ குத்திக் காட்டுதல் ஆகியவையும் வன்முறையே என்று அது வகுத்துச் சொல்கிறது. சட்டத்துக்குப் புரிந்தது, பகுத்தறிவாளனுக்குப் புரியவில்லை என்றால் வெட்கக்கேடு அல்லவா?

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார், அவரையும் கேட்போம். “இதமாகப் பேசு, பொறுமையாகக் கேள், அன்பாயிரு என்பதெல்லாம் மடாதிபதிகளின் பாட்டு ஆயிற்றே! அடிமையைச் சாந்தப்படுத்தப் பாடிய தாலாட்டு அல்லவா அது? அதை நாமும் பாடுவதா?” என்பார்.

நல்ல கேள்வி. பொறுமை, இன்சொல், அடக்கம் என்ற மூன்றையும் பெண்ணின் தலைமீது ஏற்றி வைத்ததுதான் பழமை செய்த சூழ்ச்சி. அடித்தாலும் பொறு, ஏசினாலும் இனிமையாகப் பேசு என்று அடிபட்டவளுக்கு உபதேசம் செய்தனர். அந்த உபதேசத்தைக் கொளுத்த வேண்டும் என்பதிலே எனக்கு ஐயமில்லை. நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. எவன் கையிலே ஓங்கும் உரிமை இருக்கிறதோ அவன் நாவை அடக்கட்டும். எவன் பேச்சு வீட்டிலே சட்டமாக இருக்கிறதோ அவன் கேட்கப் பழகட்டும். அடிமைக்குச் சொன்னால் அது தாலாட்டு. ஆள்பவனுக்குச் சொன்னால் அது கட்டளை!

குறளின் வைப்புமுறையைப் பாருங்கள். ‘இனியவை கூறல்’ என்பது 10-ஆம் அதிகாரம். இல்லறத்தானுக்கு உரிய இயலிலே இருக்கிறது. வீட்டுத் தலைவனுக்குச் சொன்னதை வீட்டுப் பெண்ணின்மீது தள்ளிவிட்டது சமூகம். ‘கேள்வி’ என்பது 42-ஆம் அதிகாரம். ஆள்வோருக்கு உரிய இயலிலே, கல்விக்குப் பின்னும் அறிவுடைமைக்கு முன்னும் வைக்கப்பட்டிருக்கிறது. கற்றறிந்தோர் சொல்லைக் கேட்பதையே அங்கே அவர் கருதினார் என்பது உண்மை. ஆனாலும் கற்றவன் அறிவுடையவன் ஆவதற்கு இடையிலே கேட்டல் என்ற படி ஒன்று உண்டு என்பதை அந்த வரிசை காட்டவில்லையா? குறளில் பெண்ணைப் பற்றிய பகுதியைப் பெரியார் ‘வள்ளுவரும் கற்பும்’ என்ற கட்டுரையிலே கண்டித்தார். அவரே 1949-இல் குறளுக்கு மாநாடும் கூட்டினார். கொள்ள வேண்டியதைக் கொண்டு தள்ள வேண்டியதைத் தள்ளும் அந்த அறிவோடுதான் நானும் இதை எடுத்துக் காட்டுகிறேன்.

மற்றொரு தோழர் எழுவார். “அப்படியானால் மூடநம்பிக்கையைக் கண்டும் வாய்மூடி இருப்பதா?” வேண்டாம்! கேட்பது வேறு, ஒப்புவது வேறு. மருத்துவர் நோயாளியிடம் “எங்கே வலிக்கிறது?” என்று கேட்கிறார், கேட்டதாலே நோய்க்கு உடன்பட்டவர் ஆகிவிடுகிறாரா? கேளாமல் மருந்து கொடுப்பவன் மருத்துவனா? நான் என் தாய்க்குக் கொடுத்தது அப்படிப்பட்ட மருந்துதான். கண்வலிக்குத் தருக்கம் கொடுத்தேன்!

வேறொருவர் சொல்வார்: “நேரம் இல்லையே, தோழர்!” நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2019-இல் இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் மக்களின் நேரப் பயன்பாட்டை ஆய்ந்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டனர். அவ்வேலையில் ஈடுபட்ட ஆண்களோ 97 நிமிடம். அதிலும், அவ்வேலையைத் தொட்ட ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தாம்; பெண்கள் 81 பேர். ஐந்து மணி நேரம் அடுப்படியில் நிற்பவள், வீட்டிலே எல்லோர் குறையையும் கேட்க நேரம் காண்கிறாள். நமக்கு மட்டும் நேரம் இல்லையாம்! பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்திலே போய் நின்று துலக்குங்கள். கை வேலை செய்யட்டும், காது கேட்கட்டும். நேரம் தானே கிடைக்கும்.

இதை நான் வெறும் வீட்டுப் பிரச்சினையாக எண்ணவில்லை. ஒரு மகள் இருக்கிறாள். வேறு சாதி இளைஞன் ஒருவனை விரும்புகிறாள். தந்தையோ சாதி ஒழிப்பைப் பற்றி மேடையிலே முழங்கியவர். அவரிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ஏன்? பதினைந்து வயதிலே, பள்ளியிலே நடந்த ஏதோ ஒன்றைச் சொல்ல வந்தபோது, “நீ என்ன செஞ்சே முதல்ல?” என்று அவர் விழித்தார். அன்றே மூடிய கதவு அது. இன்று தோழியிடம் சொல்கிறாள். நாளை வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். நல்ல வீடாக இருந்தால் அழுகையோடு முடிகிறது. சாதி வெறி பிடித்த வீடாக இருந்தால், அரிவாளில் முடிகிறது. ஆணவக் கொலை என்று ஏடுகளிலே படித்துக் குமுறுகிறோம். அந்த அரிவாள் ஒரே நாளில் தீட்டப்பட்டதன்று. “அந்த வீட்டில் தண்ணீர் குடிக்காதே” என்ற சொல்லிலே, “அவங்களோட என்ன சேர்க்கை?” என்ற சொல்லிலே, சாப்பாட்டு நேரத்துச் சிரிப்பிலே, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டப்பட்டது. சாதி தெருவிலே நடமாடுகிறது; ஆனால் அது பேசக் கற்றுக்கொள்வது வீட்டிலே! அங்கே நம் காது விழிப்பாக இல்லாவிட்டால், மாநாட்டுத் தீர்மானங்களால் ஆவதென்ன?

ஆகவே, இளந்தோழர்களே, சில வழக்கங்களைக் கைக்கொள்ளும்படி வேண்டுகிறேன். நோன்பு அல்ல, விரதம் அல்ல. நாமே சோதித்துப் பார்க்கக் கூடிய பயிற்சி. வீட்டிலே ஒருவர் பேசத் தொடங்கினால் முற்றுப்பெறும் வரை குறுக்கிடாதீர்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள். மறுமொழிக்கு முன்னே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஏன் அப்படித் தோன்றுகிறது?” என்று. அவர் சொன்னதை உங்கள் சொல்லிலே ஒருமுறை திருப்பிச் சொல்லி, “இதைத்தானே சொன்னீர்கள்?” என்று உறுதி செய்துகொள்ளுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். சினம் வந்தால், “இப்போது சினமாக இருக்கிறேன், சற்றுப் பொறுத்துப் பேசுவோம்” என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆனால் சொன்னபடி திரும்பி வந்து பேசுங்கள். நாள்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் ஒரு வகை அடிதான். தவறு செய்தால், “தவறு என்னுடையது” என்று மனைவியிடமும் பிள்ளையிடமும் சொல்லுங்கள். தோழரிடம் ஒப்புக்கொள்கிறோம், வீட்டிலே ஒப்புக்கொள்ளும்போதுதான் நம் சுயமரியாதை சோதிக்கப்படுகிறது. மறுக்க வேண்டியதை மறுங்கள். ஆனால் ஆளை இழிக்காமல் கருத்தை மறுங்கள்.

என் தாயின் கதையை முடிக்கவில்லையே! மறுநாளே அவளைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கண்புரை என்றனர். கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப் போகும் நோய் அது. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்தினால் பெரும்பாலோருக்குப் பார்வை மீளும். இலண்டனிலே ஹரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் 1949-இல் முதன்முதலாகச் செய்து காட்டிய அறுவை. இன்று ஒரு மணி நேரம் கூடப் பிடிப்பதில்லை. சென்னையிலே 1819-இல் தொடங்கப்பெற்று, இன்று எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனை போன்றவை இருக்கும் நாட்டிலே, என் தாய் மாதக்கணக்கில் உப்பை நாக்கிலே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குறை மருத்துவத்தில் இல்லை, என் காதில் இருந்தது.

கட்டு அவிழ்த்த நாளிலே என்னைப் பார்த்து, “தலை இவ்வளவு நரைச்சிருக்கேடா, தம்பி!” என்றாள். பிறகு, “கண்மலர் சாத்தணும்” என்றாள். இம்முறை நான் பொழியவில்லை. “ஏம்மா?” என்று கேட்டேன். “நேந்துக்கிட்டதைச் செய்யலேன்னா மனசு கேக்காதுடா” என்றாள். “கண்ணைக் கொடுத்தது டாக்டரம்மா, வெள்ளி வாங்கும் காசுக்கு இன்னொருத்தருக்குக் கண்ணாடி வாங்கித் தரலாமே, இது என் கருத்து” என்றேன். சற்றுநேரம் யோசித்தாள். “டாக்டரம்மாதான், இல்லேங்கல. நீ மொதல்லயே கேட்டிருந்தா நான் எதுக்குடா ஆத்தாகிட்ட வேண்டப் போறேன்?” என்றாள்.

மாநாடுகளிலே எத்தனையோ ஆத்திகர்களுக்கு விடை சொன்னவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

கண்மலரைச் சாத்தினாள். தன் காசிலே வாங்கிச் சாத்தினாள். தடுக்கவில்லை நான், உடன்படவும் இல்லை, என் கருத்தை அவள் அறிவாள். ஆனால், சில மாதம் கழித்து, அண்டை வீட்டு அம்மாள் ஒருத்தி முழங்கால் வலிக்கு வேண்டுதல் பற்றிக் கேட்டபோது, என் தாய் சொன்னது என் காதில் விழுந்தது: “மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. அப்புறம் ஆத்தாகிட்டப் போகலாம்.”

வரிசை மாறிவிட்டது! நான் ஆண்டுக்கணக்கில் முழங்கியும் மாறாத வரிசை, ஒருமுறை காது கொடுத்ததும் மாறிவிட்டது. இன்று மருத்துவமனை முதலில், கோயில் பிறகு. நாளை என்ன ஆகும் என்பதை அவள் அறிவே முடிவு செய்யட்டும். அதுதானே நம் கொள்கை!

தோழர்களே, இன்றிரவும் கூட்டம் முடிந்து வீடு திரும்புவீர்கள். கதவைத் திறப்பவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார். “அப்புறம்” என்று சொல்லாதீர்கள். செருப்பைக் கழற்றுமுன் காதைக் கொடுங்கள். கல்லிடம் பேசியது போதும். இனியேனும் அவர்கள் மனிதரிடம் பேசட்டும்!